கரைச்சலுக்கு நான் சொன்ன சிங்களம்

என் வாய்க்கு வீட்டிலும் நல்ல பெயரில்லை, வெளியிலும் நல்ல பெயரில்லை. இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் போன கற்பிட்டி பஸ்ஸின் கண்டக்டரைத் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடித்து ஏசியவள் நான். பஸ் நின்றது மட்டுமல்ல, எனக்காகப் பின்னுக்கும் வந்தது. "ஒன்ட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தாரன்டி" என்று மூத்தவளான என் ராத்தா இன்றைக்கும் சொல்லுவா. அப்படிப்பட்ட வாய், பேச வேண்டிய ஒரு நாளில் பேசாமல் விட்டது. இல்லை, பேசாமல் விட்டிருந்தாலாவது வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள். திறந்து, வேறொரு சொல்லைச் சொன்னது. அதைத்தான் எழுதப்போகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்கிறார்கள். ஆறாவிட்டால் அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

வாப்பா சிலாபத்தில் கடை வைத்திருந்த காலத்தில் பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு சண்டை பிடித்துப் பிடித்தே நான் சிங்களம் பழகினேன். பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டேன். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கோர்ட்டுக் கடதாசி, எதுவென்றாலும் ஒரு மொழியிலிருந்து மற்றதற்கு மாற்றிக் கையெழுத்து வைப்பேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று வாசலில் பலகை தொங்குகிறது. சில வருடங்களுக்கு முன்னர், கடலோரத்தில் இருக்கும் ஒரு முகாமில், புதிதாகப் படையில் சேர்ந்த தமிழ் பேசும் பெண்பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்க ஆள் தேடினார்கள். திங்களும் வியாழனும் பின்னேரம் போனேன். எந்தப் படை, எந்த முகாம் என்று எழுத மாட்டேன். எழுதினால், இந்தக் கதையில் வரும் பிள்ளை யார் என்று கண்டுபிடிக்க எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அரை மணித்தியாலம் போதும்.

அவள் ஒரு கடலோரத் தமிழ்க் கிராமத்துப் பிள்ளை. இருபத்திரண்டு வயது. சீருடை என்றால் அவளுக்கு உயிர். மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் நித்திரை வழிந்துகொண்டு வந்தாலும் இவள் காற்சட்டை மடிப்புக் குலையாமல் வந்து முன் வாங்கில் இருப்பாள். 'லீவு வேண்டும்', 'சுகமில்லை' என்பதற்குச் சிங்களம் என்ன என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, "மிஸ், 'இந்த வேலை எனக்குத் தெரியும், நானே செய்யிறன்' எண்டதை எப்பிடிச் சொல்லுறது?" என்று இவள் கேட்டாள். அவளுக்கு ஸ்டோர்ஸில் வேலை. கயிறு எங்கே, லாம்பு எங்கே, உயிர்காப்பு அங்கி எந்தத் தட்டில் எத்தனை, எல்லாம் அவள் விரல்நுனியில். ஸ்டோர்ஸுக்குப் பொறுப்பாக இருந்தவர் சேவையில் பழைய ஆள். என்னைக் கண்டால் கதிரை இழுத்துப் போட்டு, "டீச்சருக்குத் தேத்தண்ணி கொண்டு வாங்க" என்று குரல் கொடுப்பார். நல்ல மனுசன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் லெப்டினன்ட்டிடமிருந்து போன் வந்தது. முகாமில் பெண்களுக்குப் பொறுப்பான சிங்கள அதிகாரி அவர். நேர்மையான பெண். விசாரணை ஒன்று இருக்கிறது, மொழிபெயர்க்க வரவேண்டும் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே ஒன்றும் தெரியக்கூடாது என்பது ஒழுங்கு.

போனால், விசாரணை அறைக்கு வெளியே இருந்த வாங்கில் இந்தப் பிள்ளை. என்னைக் கண்டதும் எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வருவீங்கள் எண்டு மேடம் சொன்னவ, மிஸ். எனக்கு அப்பதான் மூச்சு வந்தது."

நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். நான்கு நாட்களுக்கு முன்னர், பட்டப்பகலில், ஸ்டோர்ஸில் இருந்த மற்றப் பிள்ளையை எதையோ எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்டோர்ஸுக்குப் பொறுப்பான அந்த ஆள் கதவைப் பூட்டியிருக்கிறார். இவளைத் தட்டோடு சேர்த்து நெரித்து, ஒரு கையால் வாயைப் பொத்தி, மற்றக் கையைச் சீருடைக்குள் விட்டிருக்கிறார். இவள் முழங்காலால் உதைத்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து ஓடியிருக்கிறாள். ஓடும்போது அவர் எட்டிப் பிடித்த மணிக்கட்டில் நான்கு விரல்களும் பதிந்த நீலம் அப்போதும் மாறவில்லை. அதைச் சீருடைக் கையை உயர்த்திக் காட்டினாள்.

"இதெல்லாம் அந்த ஆம்பிளையளுக்கு முன்னால எனக்குச் சொல்ல ஏலாது, மிஸ். நீங்க சொல்லுங்க. சரியா?"

"நான் இருக்கன்தானே, புள்ள" என்றேன். வார்த்தையைக் கொடுத்தேன்.

அறைக்குள் மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். மூவரும் ஆண்கள். முறைப்பாட்டைக் கொண்டுவந்தவர் என்பதால் லெப்டினன்ட்டை உள்ளே விடவில்லை; என்ன நடந்தது என்று பிள்ளையின் வாயால் வருவதுதான் வாக்குமூலம் என்றுவிட்டார்கள். அறையில் பேசப்படுவதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று நான் சத்தியம் செய்தேன். நடந்ததைச் சொல்லும்படி நடுவில் இருந்தவர் கேட்டார். பிள்ளை மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவர் என்னைக் கரைச்சல் படுத்தினவர், சேர்."

நான் 'கரதர' என்று சொன்னேன். கரைச்சல் என்றால் தொந்தரவு; சிங்களத்தில் அதற்கு அதுதான் சொல். காதுக்குக்கூட ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இரவில் கடிக்கிற நுளம்பும் கரைச்சல்தான், விடாமல் கேள்வி கேட்கிற பிள்ளையும் கரைச்சல்தான், அடிக்கடி வந்து தேத்தண்ணி கேட்கிற மச்சானும் கரைச்சல்தான். 'கரதர'வும் அப்படித்தான். ஆனால் தமிழில் ஒரு பெண்பிள்ளை குனிந்துகொண்டு, குரல் உள்ளுக்குப் போக, ஓர் ஆம்பிளை தன்னைக் கரைச்சல் படுத்தினான் என்று சொன்னால் எங்களில் யாருக்கு விளங்காது? அதற்குச் சிங்களத்தில் வேறு சொல் இருக்கிறது. 'அதவர' என்பார்கள். முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் பாலியல் வன்முறை என்று சட்டப்படியே ஆகிவிடும். அந்தச் சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது.

"என்ன மாதிரிக் கரதர? வேலையைக் கூடக் கொடுத்தாரா?" என்று அதிகாரி கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"நான் வெளியில மிஸ்ஸுக்குச் சொன்னதுதான்."

சொல்லுங்கள் என்கிற பார்வை அது. நான் அதிகாரியிடம், "முன்னர் சொன்னதுதான் என்கிறாள்" என்றேன். 'வெளியில்' என்பதையும் விட்டேன், 'மிஸ்ஸுக்கு' என்பதையும் விட்டேன். கூட்டாமல் குறைக்காமல் என்று சத்தியம் செய்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்னர் சொன்னதென்றால் கரதரதான் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஏசினாரா என்று அடுத்த கேள்வி. "ஏசினவரும்தான்" என்றாள். அந்த ஏச்சு இருக்கிறதே, அதை ஒரு சொல் சிந்தாமல் எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தேன்! இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஏன் அப்படிச் செய்தேன்? அவளுக்குக் கல்யாணம் காட்சி நடக்க வேண்டும், ஊருக்குள் கதை போகக்கூடாது, அவள் மானத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே கொஞ்சக்காலம் கதைவிட்டேன். மண்ணாங்கட்டி! நான் காப்பாற்றியது என் முகத்தை. அந்த மூன்று ஆண்களும் என்னை 'டீச்சர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு முன்னால் அபாயா போட்ட நான், பெண்ணின் உடம்பு, அதில் ஓர் ஆணின் கை என்று என் வாயால் சொல்ல வேண்டும். கோர்ட்டில் இப்படியான வழக்கு வந்தால் கடதாசியைப் பக்கத்தில் இருக்கும் ஆண் மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளிவிடுவதே என் வழக்கம். அன்றைக்குத் தள்ளிவிட ஆள் இருக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இதைவிடப் பெரிய அநியாயம் கடைசியில் நடந்தது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நான் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அவள் சரி என்றால் கையெழுத்து. வாசித்தேன். 'கரதர' வந்த இடத்தில் 'கரைச்சல்' என்று வாசித்தேன். வேறு எப்படி வாசிக்க? அவளுக்குத் தன்னுடைய சொல்லே திரும்பிக் கேட்டது. தான் சொன்னது அப்படியே அங்கே இருக்கிறது என்று நம்பி, "ஓம், சரி மிஸ்" என்றாள். நான் படிப்பித்த வட்டமான சிங்கள எழுத்தில் தன் பெயரை எழுதினாள்.

அடுத்த மாதம் முடிவு வந்தது. கீழே வேலை செய்கிறவர்களிடம் கடுமையாக நடந்துகொள்ளக்கூடாது என்று அந்த ஆளுக்கு எச்சரிக்கை. ஆள் அதே ஸ்டோர்ஸில். மனத்தாங்கல் வராமல் இருக்கப் பிள்ளையைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றினார்கள். பகல் சாப்பாட்டு வரிசையில் அவர் தினமும் வந்து தட்டை நீட்டுவார். இவள் சோறு போட வேண்டும்.

வகுப்பில் அவள் பின் வாங்குக்குப் போய்விட்டாள். கொப்பியைத் திறப்பதில்லை. ஒரு வியாழக்கிழமை மற்றவர்கள் போனபிறகு கேட்டாள்.

"மூண்டு பேரும் எல்லாத்தையும் கேட்டவைதானே, மிஸ்? கேட்டுப்போட்டும் ஏச்சுக்குத்தானே எச்சரிக்கை குடுத்திருக்கினம். அப்ப அவர் செஞ்சது பெரிய விசயமில்லைப் போல. நான்தான் பெரிசாக்கிட்டனோ?"

"அப்பிடியெல்லாம் நினைக்காத, புள்ள" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர்கள் காதுக்கு அது போகவேயில்லை, நான்தான் சொல்லவில்லை என்ற வசனம் வாய்க்குள்ளே கிடந்தது. கரும்பலகையை அழிப்பதற்கென்று திரும்பிக்கொண்டேன்.

அதே வாரம் லெப்டினன்ட் என்னை நடைபாதையில் நிறுத்தினார். சரியான கோபம். "அவள் என்னிடம் அரைகுறைச் சிங்களத்திலும் கையாலும் காட்டியது வேறு. விசாரணையில் சொன்னது வேறு. நான் சண்டை பிடித்துத்தான் அந்த விசாரணையை வைத்தேன். இப்போது எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பயந்துவிட்டாள் போல, பாவம்" என்றார். "ஓம், பாவம்" என்று நானும் சொன்னேன். யா அல்லாஹ், அந்த வாயை என்ன செய்தால் தகும்!

அந்த மாதம் முழுக்க வீட்டில் எல்லோரிலும் எரிந்து விழுந்தேன். கறியில் உப்பில்லை என்று ராத்தாவோடு சண்டை, உப்புக் கூடிப்போனதென்று அடுத்த நாள் சண்டை. "ஒனக்கு என்னடி பிடிச்சிரிக்கி?" என்று ராத்தா விடாமல் கேட்டதில், ஆள் யாரென்று காட்டாமல் விசயத்தை மட்டும் கொட்டிவிட்டேன். ராத்தா என் முதுகைத் தடவினா.

"நீ நல்லதுதானே செஞ்சிரிக்க. கொமருப் புள்ளட மானம்டி. அதெல்லாம் வாயால சொல்லுற விசயமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிளேன்டீக் கோப்பையை மேசையில் குத்தினேன். "அவள் சொன்னா ராத்தா! அவள் எனக்கு வாயால சொன்னா. அவளுக்கு என்ன மானம் போச்சு? செஞ்சவன் நிமிந்துகொண்டு திரியிறான், தட்ட நீட்டுறான்!" நான் சொன்னதெல்லாம் எனக்கே நான் சொல்ல வேண்டியவை என்று அப்போதுதான் விளங்கியது. ராத்தாவில் கோபம் கொள்ள எனக்கு என்ன உரிமை?

அடுத்த திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் அவளை நிற்கச் சொன்னேன். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது, யன்னலைச் சாத்தினேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். நீ வெளியில் சொன்னதை நான் உள்ளே சொல்லவில்லை. கரதர என்றுதான் சொன்னேன். அந்தக் கடதாசியில் இருப்பதெல்லாம் கரதரவும் ஏச்சும்தான்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை, கேட்டாள்.

"அப்ப அவையளுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"ஒரு மாசமா, தெரிஞ்சுகொண்டுதான் அவருக்குச் சோறு போட விட்டிருக்கினம் எண்டு நினைச்சனான்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நீங்கதானே மிஸ் சொன்னீங்க, கரைச்சல் எண்டா வந்து சொல்லச் சொல்லி? அதாலதான் நான் அந்தச் சொல்லைச் சொன்னனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையில் இருந்துவிட்டேன். வருடத் தொடக்கத்தில் புதிய பிள்ளைகளுக்கு லெப்டினன்ட் ஒரு வகுப்பு எடுத்தார். 'உங்கள் உடம்பில் கை வைக்க எந்தப் பதவிக்கும் உரிமையில்லை. நடந்தால் பிழை உங்களுடையதல்ல. அன்றைக்கே என்னிடம் வாருங்கள்' என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவள் நான். "பொம்புளப் புள்ளைகள் கவனமா நடந்துகொள்ளணும். ஏதும் கரைச்சல் எண்டா மேடத்துக்கிட்டச் சொல்லுங்க." அதுதான் நான் சொன்னது. உடம்பும் இல்லை, கையும் இல்லை, உரிமையும் இல்லை. பிழை யாருடையது என்பதும் இல்லை. அவளுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்ததும் நான், அவள் அதைச் சொல்லி உதவி கேட்டபோது விளங்காதது போல் நின்றதும் நான்.

"என்னை மன்னிச்சிரு, புள்ள" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. என் அழுகையைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்திருக்கும்.

"அது பிறகு பாப்பம், மிஸ். முதல்ல போய் மேடத்துக்குச் சொல்லுங்க. திருப்பி விசாரிச்சா நான் வருவன்."

வீட்டுக்குப் போய், ஒருநாளும் எனக்காக எழுதியிராத கடதாசி ஒன்றை எழுதினேன். சத்தியக் கடதாசி. என்ன கேட்டேன், என்ன சொன்னேன், எதை விட்டேன், எல்லாம். லெப்டினன்ட்டின் வகுப்பில் விட்டதையும் எழுதினேன். லெப்டினன்ட் அதை நின்றுகொண்டே வாசித்தார். வாசித்து முடித்து, "நான் இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளையோடு கோபத்தில் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். என்னை இருக்கச் சொல்லவில்லை. முகாமில் என் வகுப்பு அன்றோடு நின்றது. அது நியாயம்தான், அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

விசாரணை மறுபடி தொடங்கியது. இம்முறை வெளியிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள், அவர்களில் ஒருவர் பெண். முடியும்வரை அந்த ஆளை முகாமுக்குள் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். சாட்சி சொல்ல எனக்கும் அழைப்பு வந்தது. அதே வாங்கில் இருந்தேன். பிள்ளை மடிப்புக் குலையாத சீருடையில் வந்தாள், எனக்குத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். புழுக்கத்துக்குக் கதவைப் பாதி திறந்து விட்டிருந்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். பாவம், இறந்தகாலத்துக்குப் பதிலாக நிகழ்காலம் போட்டாள், ஒருமை பன்மையை மாற்றினாள், தேடித் தேடி ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். கதவு, பூட்டு, தட்டு, வாய், கை என்று எல்லாம் சொன்னாள். 'அதவர' என்றும் சொன்னாள். யாரிடம் கேட்டுப் படித்தாளோ, என்னிடம் இல்லை.

அந்தப் பெண் அதிகாரி மெதுவாகக் கேட்டார். "அப்படியென்றால் முதல் வாக்குமூலத்தில் ஏன் வெறும் கரதர என்று இருக்கிறது, மகள்?"

அவள் சிங்களத்திலேயே சொன்னாள்.

"நான் எல்லாம் சொன்னேன், மேடம். மிஸ்ஸுக்கு எல்லாம் விளங்கியது. மிஸ்ஸுக்கு வெட்கமாக இருந்தது."

அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்த வசனத்தில் மட்டும் ஒரு பிழையும் இருக்கவில்லை.